ஆல்டிமாரில் பூனை இல்லை

ஐந்தாம் பாகத்தில் தெரு செத்துக் கிடக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு மாரீஸ்வரன் சற்று நிறுத்தினான். சொன்ன வார்த்தை அவனுக்கே பிடித்துப் போயிற்று. செத்துக் கிடக்கிறது. வீடியோவின் முகப்பில் மஞ்சள் எழுத்தில் இதையே போட்டுவிடலாம், பார்க்கிறவன் விரல் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சோறு வயிற்றில் கனத்துக்கொண்டிருந்தது, மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது, ரெக்கார்டிங்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை வேறு அணைத்து வைத்திருந்தான். திரையில் கப்பல்காரன் மீன் கடைத் தெருவின் நடுவே நின்றான். காணாமல் போன தம்பியைத் தேடி ஆல்டிமார் என்ற துறைமுக ஊரைச் சுற்றுகிறவன் அவன். எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர், எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் கேமுக்குள் கட்டிய ஊர், ஆனாலும் அருப்புக்கோட்டையில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பதைவிட ஆல்டிமாரின் சந்துகள்தான் மாரீஸ்வரனுக்கு அத்துப்படி. முதல் பாகம் வந்தபோது அவன் கல்லூரியில் முதலாம் ஆண்டு. இப்போது நூல் மில் ஆபீஸில் பில் போடுகிறவன், ஒரு பெண்ணுக்கு அப்பன், காதோரம் நரை. ஒவ்வொரு பாகம் வரும்போதும் அந்த ஊர் மாறும். எது கூடியது, எது குறைந்தது, எந்தக் கதவு இப்போது திறக்கிறது, எந்த மரம் இலை உதிர்க்கிறது என்று துருவிப் பார்த்துச் சொல்வதற்கென்றே யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தான், பெயர் நுணுக்கம். சண்டை போடத் தெரிந்தவன் ஆயிரம் பேர் இருக்கிறான், ஊரைப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவனுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தைத் தவிர அவன் சொந்தமாகச் சம்பாதித்தது வேறு எதுவும் இல்லை என்பதால் அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம். போன வாரம் ஐந்தாம் பாகத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு வீடியோ போட்டிருந்தான், அதன் கீழே எவனோ ஒரு பையன் எழுதியிருந்தான்: அண்ணே, மீன் கடைச் சுவத்து மேல பூனை ஓடுதே, பாக்கலயா. அதற்குக் கீழே இன்னொருத்தன்: நானும் அதத்தான் கேக்க வந்தேன். பூனையாம். கம்பெனிக்காரன் இவனுகளுக்குப் படி அளக்கிறான் போல என்று மாரீஸ்வரன் நினைத்தான். அந்தத் தெருவில் எத்தனையோ தடவை நடந்தாயிற்று. கடைப் பலகை இருக்கிறது, ஈரத் தரை இருக்கிறது, தரையில் வானம் தெரிகிறது, பூனை மட்டும் இல்லை. இதோ இன்னொரு தடவை நடந்தான். இல்லை.

முதல் பாகத்திலும்தான் பூனை கிடையாது, அதை அவன் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. முதல் பாகத்தில் எதுவுமே கிடையாதே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து அவனும் கூடப் படித்த திரவியமும் விளையாடிய காலத்தில், ஆல்டிமாரில் ஜன்னல் என்பது சுவரில் ஒட்டிய படம், மரம் என்பது பச்சைப் பெட்டி, மனுஷ முகம் என்பது இட்லித் தட்டில் கண்ணும் மூக்கும் வைத்தது. ஆனால் அந்த ஊரில் மழை பெய்யும். மழையின் முதல் தூறல் விழுந்ததும், ஒரு வீட்டின் முன்னால் கருவாடு காயப்போட்டிருந்த பொம்பளை எங்கிருந்தோ ஓடிவந்து பாயோடு சுருட்டிக்கொண்டு உள்ளே போவாள். அவ்வளவுதான். கதைக்கு அவள் தேவையே இல்லை, அவளிடம் பேச முடியாது, அவளை வைத்து ஒரு காரியமும் நடக்காது. மழை வந்தால் கருவாடு நனையுமே என்று எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருத்தன் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறான், அந்த ஒரு கவலையில்தான் மாரீஸ்வரன் விழுந்தான். திரவியம் சுடுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருப்பான், இவன் மழைக்குக் காத்துக்கொண்டிருப்பான். டேய் நகர்டா என்று திரவியம் இடிப்பான். இரண்டாம் பாகத்தில் நனைந்த சட்டை தோளிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் காயும், கடைசியில் விளிம்பு மட்டும் ஈரமாக நிற்கும், அதைப் பார்க்க அவன் கப்பல்காரனை வேண்டுமென்றே கடலில் தள்ளி ஏற்றினான். மூன்றாம் பாகத்தில் எல்லா இழுப்பறையும் திறந்தது, ரொட்டிக் கடையில் காலையில் அடுக்கிய ரொட்டி பொழுது சாயச் சாயக் குறைந்தது. யாரும் வந்து வாங்குவதைக் காட்ட மாட்டான், ஆனால் குறையும். அதைக் கண்டுபிடித்து முதலில் சொன்னது மாரீஸ்வரன்தான், சேனல் ஆரம்பித்ததே அதற்காகத்தான். அப்போது கல்யாணமான புதிது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சங்கரேஸ்வரி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரொட்டிக் கடைய வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு கேமா மச்சான், பஜார்ல போயி நின்னா சும்மாவே காட்டுவாங்களே, அதுல வாசமும் வரும் என்றாள். அவளுக்குத் தெரியாது, பஜாரில் அவன் எதையும் பார்ப்பதில்லை. பஜாரில் அவனுக்கு எப்போதும் யாராவது வந்து இடிப்பார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரியாது, திடீரென்று ஒரு சைக்கிள் ஹேண்டில் விலாவில் குத்தும், கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு என்று ஒருத்தன் திட்டிவிட்டுப் போவான். ஆல்டிமாரில் யாரும் வந்து இடிப்பதில்லை.

நாலாம் பாகம் வந்தபோதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. ஊர் பெரிசாகிவிட்டது, மலை வந்துவிட்டது, அலை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரண்டது, கப்பல்காரனின் தாடி மயிர் காற்றில் அசைந்தது, ஆனால் தெருவில் ஜீவன் இல்லை. நேரே நடந்தால் கல் பாவிய தரை, சுவர், தரை. கருவாட்டுக்காரி இல்லை. மயிருக்குச் செலவழித்தவன் மனுஷனுக்குச் செலவழிக்கவில்லை என்று கொதித்துப்போய் ஒரு வீடியோ போட்டான், ஆல்டிமாருக்குப் பால் ஊத்தியாச்சு என்று தலைப்பு, அதுதான் அவனைத் தூக்கிவிட்டது. மதுரையில் ஒரு செல்போன் கடை திறப்பு விழாவுக்கு அவனைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ஆமாம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இல்லை என்று எழுதியவர்களை அவன் படிக்கவே இல்லை. இப்போது அந்தப் படிக்காத பக்கம் போய் மனசு நின்றது, நிற்காதே என்றால் கேட்கவில்லை, சொத்தைப் பல்லுக்குப் போகிற நாக்குப் போல அங்கேயேதான் போனது. பூனை. சுவத்து மேல பூனை. சரி, கண்ணாடியைப் போட்டுப் பார்ப்போம் என்று மேஜையில் கிடந்த கண்ணாடியைத் தேடினான், கை தடவித் தடவிப் போய் அதன் மேல் விழுந்தது. போட்டான். நேரே இருப்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இந்தக் கண்ணாடி மில்லில் நடந்த கண் பரிசோதனை முகாமில் எழுதிக் கொடுத்தது. அந்த டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, அவன் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள், பிறகு, சொந்தத்துல கல்யாணமா என்று கேட்டாள். ஆமா, மாமன் மகதான் என்று இவன் சிரித்துக்கொண்டே சொன்னான். உங்களக் கேக்கல, உங்க அம்மா அப்பா? அவங்களும்தான், அம்மா தாய்மாமனையே கட்டிக்கிட்டாங்க. வீட்ல யாருக்காவது ராத்திரி கண்ணு தெரியாம இருந்ததா? அதற்கு அவன் யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டு, இல்லையே என்றான். மதுரையில போய் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க, தள்ளிப் போடாதீங்க என்றாள். வீட்டுக்கு வந்து பவர்தான் கூடியிருக்காம் என்று சங்கரேஸ்வரியிடம் சொன்னான். மதுரைக்கு மாலை வாங்கப் போனானே தவிர டெஸ்ட் எடுக்கப் போகவில்லை.

இல்லையே என்று அவன் சொன்னது யாரை என்று நினைக்கிறீர்கள். சொந்த மாமனாரை. அவன் அம்மாவின் அண்ணன், சங்கரேஸ்வரியின் அப்பா, ஊரும் உறவும் அவரைக் கோழி மாமா என்றுதான் கூப்பிட்டது. பொழுது சாய்ந்தால் கோழி மாதிரி வீட்டுக்குள் அடைந்துவிடுவார், வெளியே இருந்தால் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவார், அதனால் கோழி மாமா. கல்யாண வீடுகளில் சின்னப் பிள்ளைகள் அவர் கையில் முறுக்கைக் கொடுப்பது போலக் கொடுத்து ஓரமாக இழுத்துக்கொள்ளும், அவர் வெறும் காற்றைப் பிடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், மாரீஸ்வரனும் சிரித்திருக்கிறான், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காத ஒரே ஆள் சங்கரேஸ்வரி. கொலுசு போடுகிற வயதிலிருந்து கல்யாணமாகி வரும்வரை அவர் கையைப் பிடித்து நடத்தியது அவள்தான். சந்தைக்கு, கோயிலுக்கு, கொல்லைக்கு. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது இவள் போகவில்லை, அப்பாவை யார் பார்ப்பது. கூடப் படித்த பிள்ளைகள் பாண்டி விளையாடும், இவள் ஒரு கையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பாள். பாப்பா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, துணியில் சுற்றின குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இவ கையாச்சும் சும்மா இருக்கணும் மச்சான் என்றாள், வேறு எதையுமே அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவளிடம் போய், ஓரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆறு மணிக்கு மேல் வண்டியை எடுத்தால் ரோடு கரைந்து போகிறது, நீ பக்கவாட்டில் நீட்டுகிற டம்ளர் எனக்குத் தெரிவதில்லை என்று எந்த வாயால் சொல்வது. டம்ளரை இப்போதெல்லாம் அவள் நேரே முகத்துக்கு முன்னால்தான் கொண்டுவந்து நீட்டுகிறாள், பழக்கமாகியிருக்கும். முக்காலியைக்கூட நடையிலிருந்து எடுத்துவிட்டாள், கூட்டுவதற்கு இடைஞ்சலாம். பவர்தான், சளி பிடித்தால்கூட இப்படி இருக்கும், ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும். மறுபடி தெருவின் தொடக்கத்துக்குப் போய்க் கப்பல்காரனை நடக்கவிட்டான். தரை, சுவர், தரை. வீடியோவில் என்ன சொல்வது என்பதைக்கூட மறந்துவிட்டான், ரெக்கார்டிங் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு கிரீச்சிட்டது. தன்ஷிகா வந்தாள், கையில் சேவுப் பொட்டலம், அப்பா ஒண்ணும் பேச மாட்டேன் சும்மா உக்காந்திருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழு வயசு. ரெக்கார்டிங்கின்போது யாரும் மேலே வரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, பயத்தில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தாள். சேவு கடிபடுகிற சத்தம். கப்பல்காரன் மீன் கடையைத் தாண்டினான். ஐ, பூனை என்றாள் அவள். மாரீஸ்வரனின் கை மௌஸில் நின்றது. எங்கடா? அந்தா. எங்கன்னு கையக் காட்டு. அவள் எண்ணெய் விரலை நீட்டினாள், இடது பக்கம் எங்கேயோ, அவன் அந்தப் பக்கம் சட்டென்று தெருவைத் திருப்பினான், வெறும் சுவர். ஓடிருச்சு, நீ திரும்புனா அது குதிச்சு ஓடிருதுப்பா, நேரா போ, நேரா போனாத்தான் கூடவே வரும். நேரே போனான். வருது வருது, அந்தச் சட்டி மேல ஏறுது, ஒரு காது மடங்கியிருக்கு. கூடவே இன்னொன்றையும் சொன்னாள், பீப்பாய்க்குப் பின்னால் ஒரு பையன் எட்டிப் பார்க்கிறான் என்று. எந்தப் பீப்பாய். விளையாட்டை நிறுத்தினான், ரெக்கார்ட் ஆனதைத் திறந்தான், முதலிலிருந்து ஓடவிட்டான். இப்போது நடப்பது அவன் இல்லை, எதையும் திருப்ப வேண்டாம், பதிவான படம், அது பாட்டுக்கு ஓடும். நாற்காலியை இடது பக்கம் நகர்த்திப் போட்டு, திரையின் இடது ஓரத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பார்த்தான். சாம்பல் நிறப் பூனை, ஒரு காது மடங்கின பூனை, சுவர் மேல் அவனோடு ஒட்டி நடந்தது, அவன் நின்றால் நின்றது, கடைக் கூரையிலிருந்து கடைக் கூரைக்குத் தாவியது. அதற்குக் கீழே ஜன்னலில் ஒரு கை திரையை இழுத்து மூடியது. பீப்பாய்க்குப் பின்னால் பையன். முகத்தை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனான், அங்கே கொடியில் ஒருத்தி துணியை எடுத்துக்கொண்டிருந்தாள், கிழவன் ஒருத்தன் வாசலில் குந்தி வலை பின்னிக்கொண்டிருந்தான், கப்பல்காரன் தலை கொஞ்சம் அசைந்தாலும் எல்லோரும் சட்டென்று உள்ளே போய்விடுகிறார்கள். அயலான் தெருவில் வந்தால் சனங்கள் அப்படித்தானே செய்வார்கள். நேரே பார்க்கிற இடத்தில் ஒன்றும் வைக்காமல், கடைக்கண்ணுக்கென்றே ஒரு ஊரைக் கட்டியிருந்தார்கள், கருவாட்டுக்குக் கவலைப்பட்டவன் இத்தனை வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். இவன் அதன் நடுவில் நின்றுகொண்டு செத்துக் கிடக்கிறது என்று பேசியது பின்னணியில் கணீரென்று கேட்டது.

பிறகு அவன் செய்யாமல் இருந்திருக்கலாம், ஆனால் செய்தான். நாலாம் பாகத்து வீடியோவைத் திறந்தான், பால் ஊத்தின வீடியோ. அதே போல ஓரத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா ஏன் இப்பிடி கோணலா உக்காந்திருக்க என்றாள் பாப்பா, கழுத்து வலிக்குதுடா என்றான். ஒருத்தன் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான். புறாக்கள் கயிற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு வீட்டு மாடத்தில், சின்னதாக, ரொம்பச் சின்னதாக, ஒரு பொம்பளை மழை தூறுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள், திரும்பி எதையோ பாயோடு சுருட்டினாள். அவள்தான். அவளைக் கொன்றுவிட்டார்கள் என்றுதானே அந்த வீடியோவில் கத்தியிருந்தான், அவள் அதே வீடியோவின் மூலையில் உயிரோடு குனிந்து கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். அந்த மாலையை எந்த மூஞ்சியோடு வாங்கினோம் என்று அவனுக்கு நினைக்கவே கூசியது. அழுகை வந்தது, பாப்பா இருக்கிறாள் என்று இருமினான். ஊர் குறையவில்லை. ஒவ்வொரு பாகத்திலும் அவர்கள் ஒரு சாண் விரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், இவன் கண் ஒரு சாண் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, இவன் பழியைத் தூக்கி அவர்கள் மேல் போட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறான். இருக்கட்டும், ஒன்று மட்டும் மிச்சம். முதல் பாகத்தை அவன் முழுசாகப் பார்த்திருக்கிறான். அந்த வயதில் அவனுக்குக் கண் நன்றாக இருந்தது. ஒருகாலத்தில் எல்லாமே தெரிந்தது என்றால், போனதை நினைத்து அழவாவது ஒரு கணக்கு இருக்கிறது. இப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த நினைப்பு வந்துவிட்டது, வரக் கூடாத நினைப்பு, இவ்வளவு நேரம் அதைத்தான் அவன் பூனை பூனை என்று சுற்றிச் சுற்றி வந்தான். பாப்பா. கோழி மாமாவின் பேத்தி, மாரீஸ்வரனின் மகள், ரெண்டு பக்கத்து ரத்தமும் ஒரே கிணற்றுத் தண்ணீர். பூனையைப் பார்த்துவிட்டாள், சரி, அது பட்டப்பகல் தெரு. கோழி மாமாவுக்கும் பகலில் தெரிந்தது. இருட்டில்தானே ஆரம்பித்தது.

பாப்பா, ஒரு விளையாட்டு விளையாடுவமா என்றான், குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினான். வெளியே வெயில் இறங்கி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முதல் பாகத்தைப் போட்டான், பழக்கத்தில் ரெக்கார்டிங்கையும் தட்டிவிட்டான், கப்பல்காரனைப் படகுத்துறைக்குக் கொண்டுபோனான், அங்கே எப்போதும் இரவுதான். அந்தத் துறையில் எது எங்கே இருக்கிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தான், அவள் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல அவனிடம் இருந்த ஒரே விடைத்தாள் அவன் ஞாபகம்தான். திரையின் வெளிச்சத்தையும் குறைத்தான். நான் நேரா நடந்து போவேன், நீ என்னென்ன தெரியுதோ எல்லாத்தையும் சொல்லணும், ஓரத்துல இருக்கிறதையும் சொல்லணும் என்றான். ரொம்பப் பழைய கேமாப்பா, எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கு. ஆமாடா, சொல்லு. அவள் சேவை வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள். கயிறு என்றாள். ம். வலது பக்கம் நங்கூரம். ம். எலி ஓடுது, அந்தா, ரெண்டு. மாரீஸ்வரன் திரையைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்தான். தண்ணிக்குள்ள ஒரு உடைஞ்ச படகு. ம். கறுப்பில் கறுப்பாகக் கிடக்கும் அது, திரவியம்கூட ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தான், இவள் நடக்கிற போக்கில் சொல்லிவிட்டாள். தெய்வமே, தெய்வமே என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தான், கண் ரெண்டும் நிறைந்து துறை கலங்கிவிட்டது. தெரிகிறது, இவளுக்குத் தெரிகிறது, இருட்டும் தெரிகிறது, ஓரமும் தெரிகிறது. இப்போதைக்காவது தெரிகிறது. மேல ஒரு தாத்தா என்றாள் அவள். அவன் ம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினான். என்ன தாத்தா? இங்கிட்டு மூலையில, மாடியில, கையில விளக்கு வச்சுக்கிட்டு நிக்காரு. அங்க யாரும் கிடையாது பாப்பா. நிக்காருப்பா, நீ போகப் போக விளக்கத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. அவன் திருப்பினான். இருட்டு மாடி, எப்போதும் இருக்கிற இருட்டு மாடி. அணைச்சுட்டாரு, நீ ஏன் திரும்புன.

பிள்ளைகள் இல்லாததையும் சொல்லும், அப்பா முகம் மலர்கிறது என்றால் இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான், மகள் பொய் சொல்ல வேண்டும் என்று. இந்தத் துறையில் அவன் எத்தனை நூறு தடவை நடந்திருப்பான். பதிவானதைத் திறந்து மேல் மூலைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான். மூலையில் நாலு பழுப்புக் கட்டம் ஆள், ஒரு மஞ்சள் கட்டம் விளக்கு. கப்பல்காரன் நடக்க நடக்க மஞ்சள் கட்டம் உயர்ந்தது, தாழ்ந்தது, கூடவே நகர்ந்தது, வழுக்கும் பார்த்துப் போ என்று சொல்கிற மாதிரி. கப்பல்காரன் தலை திரும்பியதும் இருட்டு. திரும்பத் திரும்ப ஓடவிட்டான். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் விளக்கைத் தூக்கினான். கல்லூரியில் முதலாம் ஆண்டு, கண் நன்றாக இருந்த காலம், எல்லாம் தெரிந்த காலம். திரவியத்துக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்கும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பேச வேண்டிய விஷயமே இல்லை என்று பேசாமல் இருந்திருப்பார்கள். ஆக அப்போதே. அப்போதே பாதி கதவு சாத்தித்தான் இருந்திருக்கிறது. போனது என்று எதை நினைத்து அழுவது, அது வந்ததே இல்லையே. பிறகு கை தானாக வெளிச்சத்தைக் கூட்டியது, விளையாட்டை மூடியது. பாப்பா, ஒரு சங்கதி என்றான். அம்மாகிட்ட இதச் சொல்லிறாத. எத? அப்பாவுக்குப் பூனை தெரியலங்கிறத. அவள் பொட்டலத்தின் அடியில் தூளைத் துழாவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: அம்மாவுக்குத் தெரியுமே. என்ன தெரியும்? ஒனக்கு ஓரத்துல தெரியாதுன்னு. அம்மாதான என்னய மேல அனுப்புனாங்க, போயி அப்பா பக்கத்துல உக்காந்துக்க, அப்பாவுக்குத் தெரியாதத நீ சொல்லு, ஆனா அப்பாவுக்குத் தெரியலன்னு சொல்லாமச் சொல்லணும்னாங்க. எப்ப சொன்னாங்க இப்பிடியெல்லாம்? எப்பவும்தான். நான் ஸ்கூல்ல சேந்தப்பயே சொன்னாங்க.

ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அப்பா லாரிப்பா, அப்பா மாடுப்பா என்று ஓயாமல் பேசுவதைச் சுட்டிப் பிள்ளை என்று மில்லில் எல்லோரிடமும் பெருமையடித்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. தெரு முனையில் மற்ற பிள்ளைகள் விளையாடப் போகும்போது, நான் வரல, எங்கப்பாகூடக் கடைக்குப் போறேன் என்று இவள் சொன்னதும், நம் மேல் எவ்வளவு பாசம் என்று உள்ளம் குளிர்ந்ததும். சங்கரேஸ்வரி இதை எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பாள், எந்த நேரத்தில், தலை பின்னும்போதா, குளிப்பாட்டும்போதா, சொல்லிவிட்டு முந்தானையில் எத்தனை தடவை முகத்தைத் துடைத்திருப்பாள். அவள் மேல் கோபப்பட வேண்டும் போல இருந்தது, கோபம் வரவில்லை. மகள் கண் நன்றாக இருக்க வேண்டும் என்று சற்று முன்னால் வேண்டிக்கொண்டானே, கண் நன்றாக இருக்கிறவர்களுக்குத்தானே இந்த வேலை. கீழிருந்து சங்கரேஸ்வரியின் குரல் வந்தது. பொழுது போயிருச்சு, ரெண்டு பேரும் இறங்கி வாங்க, நான் லைட்டப் போட்டுட்டேன். மாடிப்படி வீட்டுக்கு வெளிப்பக்கம், ஒரு பக்கம்தான் சுவர், மறுபக்கத்துக்குக் கம்பி போட வேண்டும் போட வேண்டும் என்று சொல்லியே வருஷம் ஓடிவிட்டது. கதவைத் திறந்ததும் வெளி எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தது. தன்ஷிகா எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவனைச் சுவர்ப் பக்கம் விட்டுவிட்டுத் திறந்த பக்கமாகப் போய் நின்றாள். நீ இந்தப் பக்கம் வா பாப்பா, விழுந்துருவ என்றான். இல்லப்பா, நான் இங்கிட்டுதான் வரணும் என்று சொல்லிக் கையை நீட்டினாள். நேரே, அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவன் கையைக் கொடுத்தான்.